சூசைமாணிக்கம் பெயருக்கு வந்த உறை

பத்தே முக்காலுக்கே வந்து நின்றிருக்க வேண்டாம். தபால்காரம்மா எந்த நாளும் பன்னிரண்டுக்கு முன்னால் வந்ததில்லை என்று அங்கயற்கண்ணிக்குத் தெரியும். தெரிந்தும் வந்து நின்றாள், ஏனென்றால் வீட்டுக்குள் இருந்தால் கூடத் தங்கியிருக்கும் ரெஜினாவின் கட்டில் கண்ணில் படும், கட்டிலின் தலைமாட்டில் அவள் பாதி கடித்து வைத்துவிட்டுப் போன உப்பு பிஸ்கட் கண்ணில் படும், அதைப் பார்த்தால் அங்கைக்கு வருவது இரக்கமா வேறு ஏதாவதா என்று அவளாலேயே சொல்ல முடியாது. இங்கே, துணி துவைக்கும் அறையை ஒட்டிய சுவரில், வரிசையாகத் தபால் பெட்டிகள். யாருடைய துணியோ உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது, சோப்பு வாசனையோடு சூடான காற்று கணுக்காலில் அடிக்கிறது. அக்டோபர் பிறந்தும் டெக்சாஸ் வெயிலுக்கு அது தெரியவில்லை. அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தபால்காரம்மா வரும்போது, அந்த உறை எங்கள் வீட்டுக்குத்தான் என்று சொல்ல வேண்டும். நேற்று அப்படிச் சொல்ல ஆள் இல்லாமல் உறை திரும்பிப் போய்விட்டது. பெயருக்குரியவர் இங்கே இல்லை, நாளை இன்னொரு முறை கொண்டு வருவோம், அப்போதும் இல்லையென்றால் அனுப்பியவருக்கே போய்விடும் என்று ரெஜினாவின் கைபேசிக்குச் செய்தி வந்தது. இன்றுதான் அந்த இன்னொரு முறை. ஒரு வாக்கியம். வாயைத் திறந்தால் மூடாதவள் என்று ஐந்தாம் வகுப்பிலேயே பெயர் வாங்கியவளுக்கு ஒரு வாக்கியம் பெரிய காரியமா.

பெரிய காரியமாகத்தான் இருக்கிறது, அதுதான் கேவலம். உறைக்குள் இருப்பது கருவைக் கலைக்கும் மாத்திரை. ரெஜினாவுக்கு ஒன்பது வாரம் முடிந்துவிட்டது. இந்த உறை திரும்பிப் போய், மறுபடி எழுதி, மறுபடி அனுப்பி வருவதற்குள் மாத்திரைக்கான கெடு தாண்டிவிடும். அப்புறம் விமானம் ஏறி வேறு மாநிலம் போக வேண்டும், ஆய்வகத்தில் விடுப்புக் கேட்க வேண்டும், எதற்கு என்று கேட்பார்கள், எதையாவது சொல்ல வேண்டும், ரெஜினாவுக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். இல்லையென்றால் சேந்தனிடம் சொல்ல வேண்டும். சேந்தனிடம் சொன்னால் சேந்தன் என்ன செய்வான் என்று அங்கைக்கு நன்றாகத் தெரியும். கல்யாணம் பண்ணிக்குவான். ரெஜினாவை விடவே அங்கைக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் ரெஜினாவுக்கு முன்னால் சேந்தனைத் தெரிந்துகொண்டவள் அங்கை, அவன் எந்தக் கேள்விக்கு எப்படித் தலையைச் சாய்ப்பான் என்று பாடம் பண்ணி வைத்திருப்பவள் அங்கை, போன பொங்கலுக்கு ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து கூடிச் சாப்பிட்டபோது அவனை இந்த வீட்டுக்குக் கூட்டி வந்தவளும் இவளேதான். அன்றைக்கு மூன்று மணி நேரம் அவனோடு வாதாடினாள். அணைகளைப் பற்றி. அவன் கட்டடப் பொறியியல், இவள் பொதுக்கொள்கை, அணை வேண்டும், வேண்டாம், யாருக்கு வேண்டும், யாருடைய நிலத்தில் என்று பாயசம் ஆறிப் போகும்வரை. ரெஜினா ஓரத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், எல்லாரும் சொல்லி முடித்தபின் ஒரு தடவை சிரித்தாள். கிளம்பும்போது சேந்தன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான், "உன்கூடப் பேசினா நேரம் போறதே தெரியல அங்கை. ஆனா பேசி முடிச்சா ஒரு பரீட்சை எழுதிட்டு வந்த மாதிரி இருக்கு." அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். நான்கு மாதம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு விடிந்ததும் பேருந்தில் வந்து இறங்கியபோது, மாடிப்படிக் கம்பியில் அவன் சைக்கிள் பூட்டியிருந்தது. சீட் பனியில் நனைந்திருந்தது. ராத்திரி முழுக்க நின்றிருந்தால்தான் அப்படி நனையும்.

பரீட்சை எழுதின மாதிரி. அவளோடு இருந்தால் மட்டும் என்ன, விடுமுறை மாதிரி இருந்ததாமா. இதை எத்தனை தடவை நினைத்துவிட்டாள், துணி மெஷின் மாதிரி சுற்றிச் சுற்றி அங்கேயே. சரி, ஒழுங்காக யோசி அங்கயற்கண்ணி, வகுப்பில் யோசிக்கிற மாதிரி யோசி. உறை வந்து சேர்ந்தால் ரெஜினா தப்பிப்பாள், கல்யாணம் வராது, சேந்தன் சேந்தனாகவே இருப்பான். உறை திரும்பினால் அவளுக்குக் கஷ்டம், ஆனால் அவன் அவளுக்கு. அப்படியானால் வாயில் நீரூற வேண்டியது எதற்கு? உறை வரட்டும் என்பதற்குத்தானே? பின் ஏன் நேற்று அந்தச் செய்தியைப் பார்த்ததும், திரும்பிப் போய்விட்டது என்று படித்த அந்த ஒரு நொடியில், உள்ளே ஏதோ சில்லென்று இறங்கியது? அவள் தவிக்கட்டும் என்று ஒன்று சொல்கிறது, அவள் அவனைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று இன்னொன்று சொல்கிறது, இரண்டும் ஒரே வயிற்றில்தான் குடியிருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே பெயர்தான். நியாயமானதைச் செய்தாலும் அதன் கையால்தான் செய்வாள், அநியாயத்தைச் செய்தாலும் அதன் கையால்தான். இப்படி ஒரு வாதத்தை வகுப்பில் யாராவது வைத்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பாள்.

வகுப்பு. அதுவும்தான். போன பருவம் முழுக்க அவள் எழுதிய கட்டுரை இதே விஷயம்தான், அதை நினைத்தால் காறித் துப்பலாம் போல இருக்கிறது. மாநில எல்லையும் மருந்துச்சீட்டும். இந்த மாநிலத்தில் கருவைக் கலைத்துக் கொடுக்கும் மருத்துவரைச் சிறையில் போடலாம், உதவி செய்தவர்மேல் சம்பந்தமே இல்லாத எவனும் வழக்குப் போடலாம். வடகிழக்கே, இந்த உறை புறப்பட்டு வந்த மாநிலத்திலோ அதே மருத்துவர் கணினி வழியாகவே கேட்டுப் பார்த்து எழுதிக்கொடுக்கலாம், தபாலில் அனுப்பலாம், டெக்சாஸ் வந்து கேட்டாலும் அவரைப் பிடித்துக் கொடுக்க மாட்டோம் என்று அங்கே ஒரு சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒரு பெண்ணின் உடம்பு எந்த முகவரியில் படுத்துத் தூங்குகிறதோ அதைப் பொறுத்து அது அவளுடையதா இல்லையா என்று மாறுமாம், இது சட்டமா இல்லை வாடகை ஒப்பந்தமா என்று அங்கை மேசையைத் தட்டிப் பேசினாள். பேராசிரியர் சிரித்தார், முதல் தர மதிப்பெண் போட்டார். ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது என்றும் எழுதியிருந்தாள். மதுரையில் கூடப் படித்தவளோடு இதற்காக ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனபோது, சட்டம் கேட்கச் சொல்லாத கேள்வியை எல்லாம் வரவேற்பு மேசையிலிருந்த பெண் கேட்டாள், வீட்டுக்காரர் வரலையா, கையெழுத்து யாரு, அம்மாவுக்குத் தெரியுமா. முப்பத்தெட்டுப் பக்கம். கோபத்திலேயே எழுதிய முப்பத்தெட்டுப் பக்கம். ரெஜினா அதை வாங்கிப் படித்தாள், சோறு வெந்துகொண்டிருந்தபோது அடுப்படியில் நின்றே படித்தாள், நல்லாருக்கு என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் பார்த்தால் அதன் அடிக்குறிப்பில் இருந்த இணையதளத்தைத் தேடிப் போய், போர்வையைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, கேள்விகளுக்கு எல்லாம் ஆம் இல்லை என்று தட்டி, பதினொரு நிமிடத்தில் முடித்துவிட்டாள். "ஒம் புண்ணியத்துல பதினோரு நிமிசம்தான் ஆச்சி" என்று அவளே சொன்னாள். இவள் எழுதினாள், அவளுக்கு நடந்தது. இவள் பேசினாள், அவளை ஒருத்தன் தொட்டான். உலகத்தில் எவளாவது இதற்குப் பொறாமைப்படுவாளா. காலையில் எழுந்ததும் குளியலறையில் ஒருத்தி ஓங்கரிக்கிற சத்தத்தைக் கேட்டு, வெளியே பல்துலக்கியோடு நின்றுகொண்டு, அந்த ஓங்கரிப்புக்குப் பொறாமைப்படுவாளா. பட்டாள். அதிலும் பாருங்கள், மாத்திரையைச் சாப்பிடுகிறவளைச் சட்டம் தொடாது, எடுத்துக் கொடுக்கிறவளைத்தான் தொடலாம். அந்த யோகமும் ரெஜினாவுக்குத்தான்.

யோகக்காரிக்குப் படிவத்தில் பெயர் எழுதத் தெரியவில்லை. இன்று காலை அதைச் சொல்லித்தான் அங்கை கத்தினாள். ரெஜினாவின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், ரெஜினா, குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. நம்மில் யாருக்குத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஊருக்கு இரண்டு பெயர் இல்லாவிட்டால் தூக்கம் வராது, அதனால் முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கு மூன்று எழுத்தை முன்னால் போட்டு எஃப்என்யூ ரெஜினா என்று ஆக்கிவிட்டார்கள். வீட்டு ஒப்பந்தத்தில் அது, தபால் பெட்டியில் ஒட்டிய சீட்டில் அது, வங்கியில் அது. கூடப் படிக்கிற வெள்ளைக்காரப் பையன் ஒருவன் முதல் மாதம் முழுக்க ஃப்னூ என்று கூப்பிட்டான். அந்த மூன்றெழுத்து பிடிக்காமலோ, பயத்திலோ, மசக்கையிலோ, மருத்துவரின் படிவத்தில் முதற்பெயர் என்ற கட்டத்தில் ரெஜினா அப்பா பெயரை எழுதிவிட்டாள். தன் பெயரைப் பின்னால் போட்டாள். உறையில் அச்சடித்தவர்கள் முதற்பெயரை முழுக்கவும் அடுத்ததற்கு ஒரு எழுத்தும் போட்டிருக்கிறார்கள், சூசைமாணிக்கம் ஆர். "நீயெல்லாம் என்ன வேதியியல்ல முனைவர் பட்டம் வாங்கப் போற?" என்றாள் அங்கை. "பத்தாங்கிளாஸ் ஹால் டிக்கெட்லருந்து அப்பிடித்தான எழுதுதோம், அப்பா பேரு முன்னாடி. கை அதுவா எழுதிட்டு" என்றாள் ரெஜினா, பிஸ்கட்டை ஒரு கடி கடித்து முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தாள். "எனக்கு இன்னைக்கு லேப் பரீட்ச, நாந்தான் நின்னு நடத்தணும், மாத்த முடியாது. நீ கொஞ்சம் கீழ நிப்பியா அங்கை?" "நிக்கிறேன்." "கோவமா?" "எதுக்குக் கோவம்?" "இல்ல, சும்மா கேட்டேன்." பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி, "சேந்தனுக்குத் தெரியாது. எல்லாம் முடிஞ்சி நானே சொல்லிக்கிடுதேன். ஒனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றாள். உனக்கு மட்டும்தான். அங்கை கேட்டு வாங்காத ஒன்றை அவள் மடியில் போட்டுவிட்டு ரெஜினா இறங்கிப் போய்விட்டாள்.

பதினொன்றரை. கைபேசி துடிக்கிறது. எடுப்பதற்கு முன்பே அங்கைக்குத் தெரியும், ரெஜினாவின் அப்பா. ரெஜினா எடுக்காவிட்டால் இவளைத்தான் கூப்பிடுவார். தூத்துக்குடித் துறைமுகத்தில் எடைமேடையில் முப்பது வருடம் லாரிகளை எடை போட்டவர், டயர் நசுங்குவதைப் பார்த்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்பவர். "என்ன தாயி, சாப்ட்டியா? எங்கட்டி போனா இவ? போன எடுக்க மாட்டேங்கா." "லேப்ல இருக்கா, பரீட்சை நடத்துறா." "அதான பாத்தேன். ரெண்டு நாளா அவ கொரலே சரியில்லயேம்மா. எடை கொறஞ்ச மாதிரி இருக்கு." அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம், யாரோ பாத்திரம் கவிழ்க்கிற சத்தம். முதல் தடவை பேசியபோது அங்கிள் என்றாள். "அங்கிளா? நான் என்ன கப்பல்ல வந்த தொரையா? அப்பான்னு கூப்புடு" என்றார். அவளுக்கு வரவில்லை. அப்பா என்ற சொல் அவள் வாயில் ஒரே ஒரு ஆளுக்குப் பழகிய சொல், அந்த ஆளோ மாதத்துக்கு ஒரு முறை, அம்மா கைபேசியை நீட்டும்போது, "படிப்பெல்லாம் எப்டிப் போகுது" என்று கேட்டுவிட்டுப் பதில் முடிவதற்குள் அம்மாவிடமே கொடுத்துவிடுகிற ஆள். அதனால் ரெஜினாவின் அப்பாவை அவள் எந்தப் பெயராலும் கூப்பிடுவதில்லை, வாக்கியங்களை விளி இல்லாமலே சமாளித்துக்கொள்வாள். "ஒண்ணும் ஒளிக்காம சொல்லு தாயி. அவளுக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலயா?" இதோ. இதுவும் ஒரு வாக்கியம்தான். தபால்காரம்மாவிடம் சொல்ல வேண்டியதைவிடச் சின்ன வாக்கியம். அது நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது, உப்புக் கரிக்கிறது. சொன்னால் அந்த மின்விசிறி மட்டும் சுற்றும். ஞாயிறு தவறாமல் கோயிலில் முதல் வரிசையில் நிற்கிற மனுஷன், மகளுக்காக இரண்டு முறை கடனுக்குப் போய் நின்ற மனுஷன், அந்தக் குரல் இனிமேல் ரெஜினாவுக்கு எடை பார்க்காது. இவளுக்கு இல்லாதது அவளுக்கும் இல்லாமல் போகும். சமமாகிவிடும். அங்கை சமத்துவத்தைப் பற்றி எத்தனை மேடையில் பேசியிருக்கிறாள். "சளிதான். ரெண்டு நாளா ஒழுங்கா தூங்கல" என்றாள். "சுக்கு வச்சிக் குடுட்டி. நீயும் குடி. ஒனக்கும் கொரலு ஒருமாதிரிதான் இருக்கு" என்றார் அவர், வைத்துவிட்டார்.

உனக்கும். அந்த உனக்கும் போதுமா, அவளோடு ஒட்டிக்கொண்டதால் கிடைக்கிற உனக்கும். கைபேசியை இடுப்பில் செருகினாள், மறுபடி எடுத்தாள், சேந்தனின் பெயரைத் திறந்தாள். முந்தாநாள் அனுப்பியிருந்தான், ரெஜினா ஏதும் கோபமா, உன்கிட்ட ஏதாவது சொன்னாளா. உன்கிட்ட. இவளிடம் எதையாவது கேட்க அவனுக்கு வேண்டியிருப்பது ரெஜினா மட்டும்தான். பதில் போட ஆரம்பித்து, அழித்து, ஆரம்பித்து, அணைகளைப் பற்றி ஒரு செய்தி படித்தேன் என்று எழுதி, அதையும் அழித்தாள். உள்ளே துணி மெஷின் நின்றுவிட்டது. அந்த அமைதியில் வண்டிச் சத்தம் கேட்டது. இன்று சீக்கிரம். தெருமுனையில் வெள்ளை வண்டி நின்று, தலையில் அகலத் தொப்பியும் அரைக்கால் சட்டையுமாகத் தபால்காரம்மா இறங்கினாள். வாண்டா என்று சட்டையில் தைத்திருக்கிறது. இடது முழங்காலில் பட்டை போட்டிருக்கிறாள், ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பாள். இரண்டிரண்டு படியாக ஏறி மாடிக்குப் போய்விட அங்கைக்கு நேரம் இருந்தது. குளிக்கப் போயிருந்தேன், சத்தம் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ரெஜினா நம்புவாள். அதுதான் தாங்கவில்லை, ரெஜினா நம்புவாள், ஒரு கேள்வி கேட்கமாட்டாள், கட்டிலில் உட்கார்ந்து பரவால்ல அங்கை என்பாள்.

வாண்டா பெட்டிகளின் முன்கதவை மொத்தமாகத் திறந்து, ரப்பர் வளையம் போட்ட கட்டுகளைச் செருக ஆரம்பித்தாள். "இருநூற்றுப் பதினாலு உன் வீடுதானே?" என்று திரும்பாமலே கேட்டாள். ஆமாம் என்றாள் அங்கை. "அப்படியானால் இதைக் கொஞ்சம் வாசித்துக் காட்டு. நேற்றே என் நாக்கு சுளுக்கிக்கொண்டது." சாம்பல் நிறத்தில், உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு ஒரு உறை. மேலே அச்சில் அந்தப் பெயர். அங்கை வாசித்தாள். சூசைமாணிக்கம். தோழியின் அப்பா பெயரை வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை, வாய்க்குள் அது பெரிதாக இருந்தது. "அழகாயிருக்கிறது. ஆனால் பெட்டியில் இந்தப் பெயர் இல்லையே, கண்ணு. உன்னையும் எனக்குத் தெரியும், தபாலில் புத்தகமாக வாங்குகிறவள். அந்த இன்னொரு பெண்ணையும் தெரியும். இது யார்? தெரியாதவர் என்றால் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான், எனக்கு வேறு வழி கிடையாது." உறையைப் பையின் ஓரத்தில், திரும்பிப் போக வேண்டியவை இருக்கும் பக்கமாகப் பாதி செருகினாள். அங்கையிடம் பதில் தயாராக இருந்தது. ஒன்றல்ல, பதினான்கு வாக்கியம். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது அம்மா, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் நிற்கும், உங்கள் படிவங்கள் உலகத்தில் எல்லாருக்கும் இரண்டு பெயர் உண்டு என்று நினைத்துக்கொண்டு செய்யப்பட்டவை, இது ஓர் அநியாயம். வாதம் கச்சிதமாக இருந்தது. சொல்ல ஆரம்பித்திருந்தால் வாண்டா பாதியிலேயே அடுத்த பெட்டிக்குப் போயிருப்பாள். எல்லாருமே பாதியில் போகிறவர்கள்தான். வாயைத் திறந்தபோது அந்தப் பதினான்கில் ஒன்றும் வரவில்லை. "என் அப்பா" என்றாள்.

வாண்டா நிமிர்ந்து பார்த்தாள். அங்கைக்குக் காது சுட்டது. யாரிடமிருந்து எதை எடுத்துவிட்டாள் என்று அவளுக்கே நன்றாகத் தெரிந்தது. "ஊரிலிருந்து வந்திருக்கிறாரா?" "இல்லை. அவர் அங்கேதான் இருக்கிறார். அவர் பெயர் எங்களுக்கு முன்னால் வரும்." "சரிதான்" என்றாள் வாண்டா, உறையை உருவி அவள் கையில் வைத்தாள். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைச் சீட்டையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்து, "பெயரை எழுதி உள்ளே ஒட்டிவிடு. அடுத்த வாரம் எனக்கு முழங்கால் அறுவை, வேறு ஆள் வருவான், அவன் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டான்" என்றாள். அங்கை எழுதினாள். பெட்டிக்குள் எஃப்என்யூ ரெஜினா, அதன்கீழ் அங்கயற்கண்ணி, இரண்டுக்கும் மேலே இடம் இருந்தது, அங்கே ஒட்டினாள். வாண்டா சாய்ந்து சாய்ந்து அடுத்த கட்டடத்துக்குப் போனாள்.

மாடிப்படி ஏறும்போது உறை கையில் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு லேசு. எடைமேடைக்காரர் பார்த்தால் வெறும் காகிதம் என்பார். கம்பியில் சைக்கிள் பூட்டு உரசி உரசிப் பெயிண்ட் போன இடத்தை இன்றும் பார்த்தாள், பார்க்காமல் ஏற முடியவில்லை, நாளைக்கும் முடியாது. எதுவும் கரைந்து போய்விடவில்லை. ரெஜினா தப்பிப்பாள், ஒருநாள் எல்லாவற்றையும் சேந்தனிடம் சொல்வாள், அவன் அழுவான், அவள் மடியில் தலையை வைத்துத்தான் அழுவான், இவள் பக்கத்து அறையில் அடிக்குறிப்பு எழுதிக்கொண்டிருப்பாள். எழுதட்டும். கதவைத் திறந்தாள். ரெஜினாவின் கட்டில், கசங்கிய போர்வை. உறையைத் தலையணையின்மேல் வைத்தாள், பெயர் மேலே தெரிகிற மாதிரி. அவள் வந்ததும் முதலில் கண்ணில் படட்டும், யார் பெயரில் இதை வரவழைத்தாள் என்று பார்க்கட்டும். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் வந்து உறையைக் கவிழ்த்து வைத்தாள். அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து, தலைமாட்டில் கிடந்த பிஸ்கட்டை எடுத்து, ரெஜினாவின் பல் பதிந்திருந்த பக்கத்திலிருந்தே கடித்தாள். நமுத்துப் போயிருந்தது. முழுக்கத் தின்றாள்.